குதிரைவாலி மேல் ஒரு கார்

சுகப்பிரியா கார் ஓட்டப் பழகப் போகிறாள் என்ற சேதி பந்தல்குடி பஜாரைச் சுற்றிவர ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது. டீக்கடையில் பேசினார்கள், உரக்கடையில் பேசினார்கள், பஸ்ஸுக்கு நின்றவர்களைக்கூட விடவில்லை. பேசியவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரு "பாவம்" சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஒரு சொல் கையில் கிடைத்துவிட்டால் ஊருக்கு அதற்கு மேல் யோசிக்கிற வேலை மிச்சம்.

அவளுக்கு வயது இருபத்தெட்டு. பஜாரில் தவசக் கடை வைத்திருக்கும் சுப்புராஜின் ஒரே மகள். கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து என்று சுற்றுப்பட்டுக் கரிசலில் விளைவதெல்லாம் அவர் தராசில் ஏறித்தான் வெளியூர் போகும். மகளுக்குச் சின்ன வயதிலேயே ஊர் பல பட்டங்கள் கொடுத்திருந்தது. அழுத்தக்காரி, திமிர் பிடித்தவள், ஒரு மாதிரி. முகத்தைப் பார்த்துப் பேச மாட்டாள், கல்யாண வீட்டில் மேளம் தொடங்கினால் எழுந்து ஓடிவிடுவாள், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வாள். அவளுடைய இருபத்திரண்டாவது வயதில் மதுரையில் ஒரு டாக்டர் மூன்று நாள் உட்காரவைத்துப் பேசிப் பார்த்துவிட்டு, இதற்கு ஆட்டிசம் என்று பெயர், இது நோயில்லை, இவளுடைய மூளை வேலை செய்கிற விதமே இப்படி என்றார். சுகப்பிரியாவுக்கு அன்று பெரிய நிம்மதி. பெயர் தெரிந்த விஷயத்தோடு எப்படியும் பழகிக்கொள்ளலாம். சுப்புராஜுக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது. மறுநாளிலிருந்து மகளைப் பொத்திப் பொத்தி வைத்தார். அன்புதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் அந்த அன்பில் காற்றோட்டம் குறைவு.

அப்படி இருந்தவளுக்கு ஒரு வேலை கிடைத்தது. பாலவனத்தம் பக்கம் ஒரு நூற்பாலை. அங்கே ஆய்வுக்கூடத்தில் நூலைக் கறுப்புப் பலகையில் நெருக்கமாகச் சுற்றி, எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது, எங்கே முடிச்சு விழுந்திருக்கிறது என்று பார்த்து எண்ண வேண்டும். மற்றவர்களுக்கு அரை மணி நேரத்தில் கண் பூத்துவிடும். சுகப்பிரியாவுக்குப் பொழுது போதவில்லை. ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பாக இருந்த பிருந்தா இரண்டாம் நாளே, "இத்தன நாளா எங்க பிள்ள இருந்த?" என்று கேட்டாள். "பந்தல்குடியில" என்று சுகப்பிரியா பதில் சொன்னாள்.

வேலை பிடித்திருந்தது. போய்வருகிற வழிதான் பிடிக்கவில்லை. ஆலை பஸ்ஸில் நாலு மூலையிலும் ஒலிபெருக்கி. காலையிலும் மாலையிலும் பாட்டு காதைக் கிழிக்கும். நிற்க இடமில்லாமல் ஆள்மேல் ஆள் சாய்ந்து வருவார்கள். சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் டிரைவர் ஒருநாள் குறைப்பார், மறுநாள் மறந்துவிடுவார். பதினோராவது நாள் அருப்புக்கோட்டையில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, ரோட்டோரம் வாந்தி எடுத்து, காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சுப்புராஜ் கடை வேனில் போய் அழைத்துவந்தார். இரண்டு நாள் அவளால் பேச முடியவில்லை.

பிருந்தா போனில் சொன்னாள்: "மார்ச் ரெண்டாந்தேதி திங்கக்கிழமை வரைக்கும் உன் எடத்தக் காலியா வச்சிருக்கேன். அதுக்குமேல என் கையில இல்ல. எப்படியாவது வந்து சேந்துரு பிரியா."

எப்படியாவது என்றால் எப்படி? சுகப்பிரியா நாலு நாள் யோசித்துவிட்டு ஐந்தாம் நாள் அப்பாவிடம் போய், "நான் கார் ஓட்டப் பழகப் போறேன்" என்றாள்.

"எதுக்குத்தா? நானே தினமும் கொண்டுபோய் விடுறேன்."

"கடைய யாரு பாப்பா? எத்தன வருசத்துக்குக் கொண்டுபோய் விடுவீங்க?"

தப்பித்தால் போதும் என்று, "சரி, லைசென்ஸ் வாங்கிட்டு வா. வேன் சாவியத் தாரேன்" என்று சொல்லிவைத்தார். வாங்கமாட்டாள் என்ற தைரியம். மகளிடம் ஒரு வார்த்தை கொடுத்தால் அதைத் திரும்ப வாங்க முடியாது என்பதை இருபத்தெட்டு வருஷம் வளர்த்தவர் மறந்திருக்கக் கூடாது.

மதுரை டாக்டர் ஓட்டத் தகுதியுண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எல்எல்ஆர் வந்தது. அருப்புக்கோட்டையில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். முதலில் வாய்த்தவர் செல்லப்பாண்டி என்பவர். இருபது வருஷம் லாரி ஓட்டியவர். ஒவ்வொரு தப்புக்கும் முன்பலகையில் ஓங்கி ஓங்கித் தட்டுவார்.

"கொஞ்சமாத் திருப்பும்மா!"

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"கண்ணு எங்கம்மா இருக்கு உனக்கு?"

"முகத்துல."

கிண்டல் செய்கிறாள் என்று அவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அவளோ கேட்டதற்குச் சரியான பதிலைத்தான் சொன்னாள். நாலாம் நாள் வண்டியை ஓரங்கட்டி, கைப்பிரேக்கைப் போட்டு, சாவியை எடுத்து அவரிடம் கொடுத்தாள். "அண்ணே, உங்களுக்கு நல்லா ஓட்டத் தெரியிது. சொல்லித்தரத் தெரியல" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள். அதில் துளிக் கோபமும் இல்லை. பார்த்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

அதே ஸ்கூலில் பெண்களுக்குப் பழக்கிவிட பேச்சி என்று ஒருத்தி இருந்தாள். சுகப்பிரியா வயதுதான். திருச்சுழி ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமத்தில் காடு வைத்து வெள்ளாமை செய்கிற சம்சாரி வீட்டுப் பெண். டிராக்டரில் தொடங்கி லோடு வண்டிவரை ஓட்டிப் பார்த்துவிட்டவள். முதல் நாள் வண்டியை எடுப்பதற்கு முன்னால் அவள் கேட்டாள்: "என்ன செஞ்சா உனக்குச் செரமமா இருக்கும்? முன்னாடியே சொல்லிரு, நான் தெரிஞ்சுக்கிறேன்."

இந்தக் கேள்வியை அதுவரை ஒருத்தரும் சுகப்பிரியாவிடம் கேட்டதில்லை. நோட்டை எடுத்துப் பதினேழு விஷயங்களை வரிசையாக வாசித்தாள். பேச்சி கடைசிவரை கேட்டாள், இரண்டில் மட்டும் சந்தேகம் கேட்டுத் தெளிந்துகொண்டாள்.

"சரி. பாட்டுக் கிடையாது. மேல தொடமாட்டேன். கத்தமாட்டேன். எதுலயாச்சும் மோதப்போனா மட்டும் கத்துவேன்."

"மோதப்போனா கத்தலாம்" என்று சுகப்பிரியா அனுமதி கொடுத்தாள்.

பேச்சியும், சும்மா சொல்லக்கூடாது, தன் பேச்சையே மாற்றிக்கொண்டாள். 'கொஞ்சமா' போய் 'கால் சுத்து', 'அரைச் சுத்து' வந்தது. 'மெதுவாப் போ' போய் 'இருபதுல போ' வந்தது. 'பாத்துப் போ' என்று வாய்தவறிச் சொன்னால், "எதப் பாக்க?" என்று கேள்வி வரும். பேச்சி சிரித்துவிட்டு, "வலது பக்கம் சைக்கிள்ல ஒரு பெரியவரு வாராக, அவுகளப் பாரு" என்பாள். ரோட்டில் புத்தகத்தில் எழுதாத சட்டங்கள்தான் அதிகம் என்பதால் பேச்சி சொல்லச்சொல்ல சுகப்பிரியா நோட்டில் எழுதிக்கொண்டாள். எதிரே வருகிறவன் லைட் அடித்தால் நீ வா என்று அர்த்தமில்லை, நான் நிறுத்தமாட்டேன் என்று அர்த்தம். ஆட்டோவிலிருந்து ஒரு கை வெளியே நீண்டால் ஆட்டோ திரும்பலாம், டிரைவர் எச்சில் துப்பலாம், சும்மா காற்று வாங்கலாம், மூன்றுக்கும் தயாராக இரு. ஒரு ஆடு ரோட்டைத் தாண்டினால் பின்னால் இன்னொன்று கட்டாயம் உண்டு.

மூன்றாவது வாரத்தில் ஒருநாள் பந்தல்குடி விலக்கிலிருந்து அருப்புக்கோட்டைவரை பேச்சி ஒரு வார்த்தை பேசாமல், தன் பக்கத்துப் பிரேக்கை ஒருதடவைகூட மிதிக்காமல் வந்தாள். கண்ணாடிகளை ஏற்றிவிட்ட காருக்குள் உலகத்தின் சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. யார் தோளும் தன் தோளில் இடிக்கவில்லை. நிறுத்தினால் நின்றது, போகச் சொன்னால் போனது. சுகப்பிரியாவுக்குச் சந்தோஷத்தில் விரல்கள் ஸ்டியரிங்கில் தாளம் போட்டன. தன்னால் முடிகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை மறைத்துக்கொள்ளவும் அவளுக்குத் தெரியாது. "நான் நல்லா ஓட்டுறேன்" என்றாள். "ஆமா, நல்லாத்தான் ஓட்டுற" என்றாள் பேச்சி.

பிப்ரவரி பதினேழாம் தேதி டெஸ்ட். இன்ஸ்பெக்டர் கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். முதலில் அடையாளக் கம்புகள் நட்ட மைதானத்தில் முன்னும் பின்னுமாக ஓட்டிக் காட்ட வேண்டும். சுகப்பிரியா ஒரு கம்பையும் உரசாமல் ரிவர்ஸில் வந்து நின்றபோது, வரிசையில் காத்திருந்த ஆண்பிள்ளைகள் நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் முன்னால் ஏறினார், பேச்சி பின்னால் உட்கார்ந்தாள். "திருச்சுழி ரோட்டுல விடும்மா, நேரா."

நேராக விட்டாள். மூன்று கிலோமீட்டர் நன்றாகத்தான் போனது. அதன்பிறகு ரோட்டில் இடது பாதியை அடைத்துக் குதிரைவாலிக் கதிரைப் பரப்பிவைத்திருந்தார்கள். இருநூறு அடி நீளம் இருக்கும். கதிர் சரியாமலிருக்க ஓரம் நெடுகக் கல் அணைப்பு. வலது பாதியில் எதிரே லாரியும் பஸ்ஸும் வந்துகொண்டிருந்தன. சுகப்பிரியா வண்டியை நிறுத்தினாள்.

"ஏம்மா நின்னுட்ட? ஏத்திப் போம்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் ஏற்றவில்லை. இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். சுப்புராஜ் கடையில் எத்தனையோ விஷயத்தில் விட்டுக்கொடுப்பார், ஒன்றில் மட்டும் விடமாட்டார். கீழே சிந்திய தானியத்தை மிதிக்கக் கூடாது. தெரியாமல் மிதித்துவிட்டால் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். மூட்டை தூக்க வருகிறவர்களுக்கும் அதே சட்டம்தான். நடக்கப் பழகிய நாளிலிருந்து சுகப்பிரியா அந்தக் கடைத் தரையில் கால் பார்த்துத்தான் வைத்திருக்கிறாள். இப்போது ஒரு காரையே கொண்டுபோய்த் தவசத்தின்மேல் ஏற்றச் சொல்கிறார்கள். ஏறினால் அப்பா சொன்ன சட்டம் தப்பு, எதிரே வண்டி வரும்போது வலதுபக்கம் போனால் ரோட்டுச் சட்டம் தப்பு. மூன்றாவது வழி ஒன்றும் புலப்படவில்லை.

பின்னால் வண்டிகள் சேர்ந்தன. ஒன்று ஹாரன் அடிக்க, அதைப் பார்த்து இன்னொன்று அடிக்க, சத்தம் மண்டைக்குள் இறங்கியது. பேச்சி வாயைத் திறக்கக் கூடாது என்பது டெஸ்ட்டின் விதி. எதிர்ப்புறம் எப்போது காலியாகுமென்று சுகப்பிரியா கைகளை இறுக்கிக்கொண்டு காத்திருந்தாள். நாலு நிமிஷத்துக்குப் பிறகு காலியானது, சிக்னல் போட்டு ஒதுங்கிப் போனாள். அதற்குள் இன்ஸ்பெக்டர் எழுதி முடித்துவிட்டார். நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டாள், போக்குவரத்தில் ஓட்டும் துணிவு போதாது. ஏழு நாள் கழித்துத் திரும்ப வரலாம்.

வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். அம்மா ராமலட்சுமி தண்ணீர்ச் செம்பை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். பொழுது சாய்கிற நேரம் சுப்புராஜ் வந்து, "போனாப் போகுது, விடுத்தா" என்றார். அந்தக் குரலில் நிம்மதி இருந்தது. மற்றவர்கள் முகத்தில் ஓடுவது சுகப்பிரியாவுக்குப் பிடிபடாது, ஆனால் அப்பாவின் குரல் அவளுக்குத் தெரியும். கோபம் வந்தது.

"மிதிக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அது கடையில. இது ரோடு. அது வேற, இது வேற."

"எப்படி வேற? எந்த எடத்துல வேறயாகுது?"

சுப்புராஜ் தலையைச் சொறிந்தார். "நம்ம கடைக்கு வர்ற குதிரைவாலி பூராவும் ரோட்டுல வண்டி ஏறி உதுந்ததுதான் பிரியா. இப்பக் களத்துல அடிக்க ஆளு ஏது?"

"பூராவுமா?"

"பூராவும்."

"இருபத்தெட்டு வருசமா ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீ கேக்கலியே தாயி" என்றார் அவர். அது பதிலாகாது என்று அவருக்கே தெரிந்தது. தன் சட்டத்தால் மகள் தோற்றுவிட்டு வந்திருக்கிறாள், அதைக் கண்டு தனக்கு நிம்மதி வேறு வந்திருக்கிறது. அந்த இரண்டும் சேர்ந்து அவரை உறுத்தின. அதற்கு மேல் அங்கே நிற்காமல் கடைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் பேச்சி எல் போர்டு மாட்டிய காரோடு பந்தல்குடிக்கே வந்துவிட்டாள். "ஏறு. எங்கூர்ப் பக்கம் போவோம்."

பேச்சியின் ஊருக்குப் பிரிகிற ரோட்டிலும் குதிரைவாலி காய்ந்தது. தங்கலட்சுமி என்கிற சம்சாரிப் பெண் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கதிரைப் புரட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். பேச்சி விஷயத்தைச் சொன்னதும் அவள் கோலை ஊன்றிக்கொண்டு சுகப்பிரியாவைப் பார்த்தாள்.

"ஏந்தாயி, முன்னால களத்துல மாட்டக் கட்டிச் சுத்தவிட்டு மிதிக்கத்தான விட்டோம்? மாடு மிதிச்சாத் தப்பில்ல, காரு மிதிச்சாத் தப்பா?"

சுகப்பிரியா யோசித்தாள். அது நியாயமான கேள்வி. "அப்ப எது வரைக்கும் மிதிக்கலாம்?"

தங்கலட்சுமி இதற்குச் சிரிக்கவில்லை. குனிந்து ஒரு கதிரை எடுத்தாள். "இது கதிரு. இத மிதிச்சாத்தான் மணி உதிரும். உதுந்தத வாரி, காத்துல தூத்தி, தூசு தும்பு போக ஒருபக்கமாக் குமிப்போம் பாரு, அந்த நிமிசத்துல இருந்து அது தவசம். அதுக்கப்புறம் எம்புருசன் கால் பட்டாலும் விடமாட்டேன்."

தூற்றுவதற்கு முன் கதிர், தூற்றிய பின் தவசம். கோடு எங்கே இருக்கிறது என்று ஒருத்தர் சரியாகக் காட்டிவிட்டார். அப்பாவின் சட்டமும் பொய்யில்லை, ரோடும் பொய்யில்லை. சுகப்பிரியா நோட்டில் எழுதி, அடியில் தங்கலட்சுமியின் பெயரையும் எழுதிக்கொண்டாள்.

பிறகு காரில் ஏறினாள். முதல் தடவை டயருக்கு அடியில் கதிர் நொறுங்கியபோது தோள் சிலிர்த்தது. இரண்டாம் தடவை அந்தச் சத்தம் பழகியது. மூன்றாம் தடவையிலிருந்து பிடிக்கத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் தங்கலட்சுமி கோலைக் கீழே போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டாள். வழக்கமாக வருகிற வண்டிகள் வேகமாக வந்து கதிரை வாரி இறைத்துவிட்டுப் போகும், நடுவில் மட்டும் நசுக்கும், ஓரத்தை விட்டுவிடும். இவளோ கல் அணைப்பிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொடங்கினாள். பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் கோடு கிழித்த மாதிரி அந்தக் கடைசிவரை போனாள், ரிவர்ஸில் அதே கோட்டில் திரும்பி வந்தாள், ஒரு டயர் அகலம் தள்ளி அடுத்த கோட்டைப் பிடித்தாள். பத்துத் தடவைக்கு ஒருமுறை நிறுத்தி இறங்கி, காய்ந்த தட்டை எதுவும் சக்கர அச்சில் சுற்றியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். எதிரே வண்டி வந்தால் நின்று வழிவிட்டாள்.

"ஏ பேச்சி, இந்தப் பிள்ள ஓட்டுதா, இல்ல உழுவுதா?" என்று கேட்டாள் தங்கலட்சுமி. "ஒரு கதிரு தப்பலியே!"

மறுநாள் பக்கத்துக் காட்டுக்காரர்கள் தங்கள் கதிரையும் கொண்டுவந்து கொட்டினார்கள். அடுத்த நாள் உளுந்து வந்தது. நாலு நாள், காலையில் இரண்டு மணி நேரம். கிளட்சில் அவள் கால் அசையாமல் நின்றது, ரிவர்ஸ் கண்ணை மூடிக்கொண்டு வரும் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. டிரைவிங் ஸ்கூலில் ஆறு மாதம் பழகினாலும் இவ்வளவு முன்னும் பின்னும் ஓட்டக் கிடைக்காது என்றாள் பேச்சி.

ஞாயிற்றுக்கிழமை சுகப்பிரியா கடையில் உள்ளே உட்கார்ந்திருந்தபோது தங்கலட்சுமி நாலு மூட்டை குதிரைவாலியோடு வந்து இறங்கினாள். சுப்புராஜ் கையை விட்டு அள்ளிப் பார்த்தார். மணி உடையாமல், பொக்கும் பதரும் இல்லாமல் இருந்தது.

"நல்ல அடியா இருக்கே. மிசினா?"

"மிசினா? உங்க மக அடிச்சது மொதலாளி" என்றாள் தங்கலட்சுமி. "எங்கூருப் பிள்ளைக அம்புட்டும் காரோட்டுதுக, ஒண்ணுக்காவது நேராப் போகத் தெரியிதா? இவுக ஓட்டுறதப் பாக்க ரோட்டுல ஆள் நிக்கிதுல்ல."

இவுக என்று மரியாதை வைத்துச் சொன்னாள். தன் மகளை ஒருத்தர் அப்படிச் சொல்லி சுப்புராஜ் கேட்டதில்லை. பாவம் என்ற சொல் அவருக்குப் பழகிய அளவுக்கு இந்தச் சொல் பழக்கமில்லை. கையில் அள்ளிய குதிரைவாலியைக் கொட்ட மறந்து நின்றார். சுகப்பிரியா உள்ளேயிருந்து, "அப்பா, தராசுல வைங்க" என்றாள்.

இருபத்தைந்தாம் தேதி புதன்கிழமை திரும்ப டெஸ்ட். அதே இன்ஸ்பெக்டர், அதே திருச்சுழி ரோடு. இதில் தோற்றால் அடுத்த தேதி கிடைப்பதற்குள் மார்ச் இரண்டு போய்விடும், வேலையும் போய்விடும். மூன்றாவது கிலோமீட்டரில் இன்றைக்கும் குதிரைவாலி பரப்பியிருந்தது. இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

கியரைக் குறைத்தாள். கல் அணைப்புக்கும் டயருக்கும் ஒரு சாண் விட்டு, கதிர்மேல் நேராக ஏற்றினாள். ஆடாமல் அசையாமல் வண்டி போனது. பின் ஸீட்டில் பேச்சி பெருமூச்சு விட்டது கேட்டது. ஆனால் பரப்பு முடிகிற இடத்தில் சுகப்பிரியா பிரேக்கை மிதித்தாள். பத்தடி தள்ளி, அதே இடது பாதியில், தூற்றிய குதிரைவாலி முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. அதன் ஓரம் சரிந்து ரோட்டில் தண்ணீர் மாதிரி பரவியிருந்தது. ஓரத்தில் ஏற்றிக்கொண்டு போவதற்கு இடம் தாராளம். முன்னால் போன டெம்போ அப்படித்தான் போயிருந்தது, டயர்த் தடம் தெரிந்தது.

பின்னால் ஹாரன் கேட்டது. சுகப்பிரியா கண்ணாடியைப் பார்த்தாள், எதிரே பார்த்தாள். ஒரு லாரி, பின்னால் ஒரு பைக். இரண்டையும் போகவிட்டாள். சிக்னல் போட்டு, குவியலில் ஒரு மணியைக்கூடத் தொடாமல் சுற்றிக்கொண்டு, திரும்ப இடது பக்கம் சேர்ந்தாள்.

"ஓரங்கட்டும்மா" என்றார் இன்ஸ்பெக்டர். ஓரங்கட்டினாள். "அதுல ஏத்துன. இதுல ஏன் ஏத்தல?"

"அது கதிரு சார். மிதிச்சாத்தான் உதிரும். இது தூத்துன தவசம். இத மிதிக்கக் கூடாது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கம்மாவும் இதத்தான் சொல்லும்" என்று யாரிடமோ சொல்வது மாதிரி சொல்லிக்கொண்டு, தாளில் கையெழுத்தைப் போட்டார். பின் ஸீட்டிலிருந்து பேச்சி போட்ட கூச்சலுக்குச் சுகப்பிரியா காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது. "மோதப்போனா மட்டுந்தான் கத்தணும்" என்று ஞாபகப்படுத்தினாள். ஞாபகப்படுத்தும்போதே சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அன்று சாயங்காலம் சுப்புராஜ் வேன் சாவியை மேசைமேல் வைத்தார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் சுகப்பிரியா வேனைக் கிளப்பியபோது, அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து இடதுபக்கக் கதவைத் திறந்தார். "எனக்கும் அந்தப் பக்கம் ஒரு சோலி இருக்கு."

"என்ன சோலி?"

"இருக்கு. நீ வண்டிய எடு."

நாலுவழிச் சாலையில் ஏறும்வரை அவர் காலால் தரையை மிதித்துக்கொண்டே வந்தார். "அப்பா, உங்க பக்கத்துல பிரேக் இல்ல" என்றாள் சுகப்பிரியா. கைப்பிடியை விடாமல் பற்றியிருந்தவர், அருப்புக்கோட்டை தாண்டிய பிறகு விட்டுவிட்டார். பாலவனத்தம் நெருங்கும்போது கையை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் காட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா வந்தார். இந்த வேனை வாங்கிப் பதினாலு வருஷம் ஆகிறது, இந்த ஸீட்டில் உட்கார்ந்து எங்கேயும் போனதில்லை என்றார்.

ஆலை கேட்டில் வாட்ச்மேன் குனிந்து பார்த்தார். "வேலைக்கு வர்றவுக மட்டுந்தாம்மா உள்ள போகலாம். கூட வந்தவுக எறங்கிக்கிடணும்."

"அப்பா, நீங்க எறங்கணும்" என்றாள். சுப்புராஜ் இறங்கினார். அவள் கண்ணாடியை இறக்கிக் கேட்டாள்: "சோலி எந்த எடத்துல? சொல்லியிருந்தா அங்கயே விட்டிருப்பேனே."

அவர் ஏதோ சொல்லி மழுப்பப் பார்த்தார். பிறகு, இவளிடம் மழுப்பிப் பிரயோஜனமில்லை, நேராகச் சொன்னால்தான் போய்ச் சேரும் என்று தோன்றியிருக்க வேண்டும். ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சோலி ஒண்ணும் இல்ல தாயி. நீ ஓட்டுறதப் பக்கத்துல உக்காந்து பாக்கணும்னு வந்தேன். ஊர்ல உன்னப் பாவம்னு சொன்னப்பல்லாம் நான் வாய மூடிட்டு நின்னேன். அது தப்பு. உன்ன நெனச்சா எனக்குப் பெருமையா இருக்கு."

நம் பக்கத்தில் இதற்கெல்லாம் பதில் சொல்ல ஒரு முறை உண்டு. எல்லாம் உங்க ஆசீர்வாதம் என்று தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். சுகப்பிரியா அவர் சொன்னதை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

"எனக்கும் என்ன நெனச்சாப் பெருமையாத்தான்பா இருக்கு" என்றாள்.

பின்னால் பஞ்சு லோடு ஏற்றிவந்த லாரி ஒன்று நெருக்கிக்கொண்டு வந்து ஹாரன் அடித்தது. திரும்பவும் அடிப்பதற்குள் சுப்புராஜ் ரோட்டின் நடுவில் போய் நின்று, இரண்டு கையையும் தூக்கி லாரியை மறித்தார். "இருய்யா! எம்மக வண்டிய எடுக்கட்டும்!" என்று அவர் போட்ட சத்தம் ஆலைக்குள்வரை கேட்டது. சுகப்பிரியா கண்ணாடியைப் பார்த்தாள், சிக்னல் போட்டாள், முதல் கியரில் உள்ளே போனாள்.